எதிர்ப்பக்கத்து வியட்நாம் கடை

காரின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி லோகப்பிரியா நின்றாள். உள்ளே உட்கார்ந்திருந்த அவளுடைய மாமனார் குமாரசாமி ஒரு காலைக்கூட வெளியே எடுத்து வைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பின்னால் வந்து நின்ற ஆட்டோ இரண்டு முறை ஹாரன் அடித்தது. செக்யூரிட்டி, காரைத் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"எறங்குங்க மாமா. பதினோரு மணிக்கு நம்ம மிசினு. நேரமாச்சுன்னா அடுத்த ஆளுக்குப் போட்டுருவாங்க."

"போட்டுக்கட்டும் கண்ணு."

"ஏனுங்க மாமா, மேலுக்குச் சொகமில்லீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இன்னைக்கு மிசினு வேண்டாம். சலிச்சுப்போச்சு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பந்தியில் இன்னொரு கரண்டி சோறு வேண்டாம் என்கிறவரைப்போலச் சொன்னார்.

செவ்வாய், வியாழன், சனி. நான்கு வருடங்களாக வாரத்தில் இந்த மூன்று நாளும் கிணத்துக்கடவிலிருந்து கிளம்பி, ஒத்தக்கால்மண்டபம், ஈச்சனாரி, உக்கடம் பாலம் என்று வந்து திருச்சி ரோட்டில் இந்த வாசலில் இறங்குவார்கள். நான்கு மணி நேரம் அவருடைய ரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பும். அந்த நான்கு மணி நேரமும் அவள் இரண்டாம் மாடி வராந்தாவில், நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பாள். முதல் ஆறு மாதம் அவளும் அவள் கணவன் தீபக்கும் மாறி மாறித்தான் வந்தார்கள். மலுமிச்சம்பட்டியில் தீபக்கின் மோட்டார் பம்பு பட்டறையில் வேலை கூடியதும் அவள் மட்டும் வர ஆரம்பித்தாள். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள் அந்த வேலையை விட்டாள். யாரும் விடச் சொல்லவில்லை. விட வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

டயாலிசிஸுக்காகக் குமாரசாமியின் இடது கையில் இரண்டு முறை அறுத்து ரத்தக்குழாயை இணைத்தார்கள். இரண்டும் அடைத்துக்கொண்டன. பிறகு கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் சீழ் பிடித்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி பிடித்தது. இனிமேல் தொடையில்தான் போட வேண்டியிருக்கும் என்று செவ்வாய்க்கிழமை டாக்டர் சொன்னபோது, குமாரசாமி டாக்டரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி, அப்ப ஊட்டுக்குப் போயிரலாங்களா?"

"ஊட்டுக்கும் வேண்டாம்." ரோட்டின் எதிர்ப்பக்கம் கையை நீட்டினார். "அந்தக் கடைக்குப் போலாம்."

டைல்ஸ் கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே ஒரு வியட்நாம் ஓட்டல். பச்சைப் பலகையில் கூம்புத் தொப்பி வைத்த பெண் ஒருத்தியின் படம். திறந்து எட்டு மாதம் இருக்கும். லோகப்பிரியா வரும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறாள். உள்ளே போக வேண்டும் என்று தோன்றியதில்லை. எந்தக் கடைக்குள்ளும் போக வேண்டும் என்று தோன்றி நாளாகியிருந்தது.

"என்ற கட்டிலு சன்னலோரந்தானே கண்ணு. அங்கிருந்து பாத்தா அந்தக் கடைக்குள்ள நல்லாத் தெரியும். பெரிய பெரிய கிண்ணத்துல சூப்பு வெக்கறாங்க. அவனவன் ரெண்டு கையிலயுந் தூக்கிக் குடிக்கறான். எட்டு மாசமாப் பாத்துட்டுக் கெடக்கறன்."

சிறுநீரகம் கெட்டுப்போனதால் ஒரு நாளைக்கு அவருக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் டாக்டர் கணக்கு. காபி, மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாமே அதற்குள் அடக்கம். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்தால் இரவுவரை அதுதான். பொட்டாசியம் போகக் காய்களை இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் அவருக்குச் சமைப்பார்கள். எட்டு ஏக்கர் தென்னந்தோப்புக்காரர். இளநீர் தொட்டு நான்கு வருடம் ஆயிற்று.

காரை ஓரமாக நிறுத்திவிட்டு, டயாலிசிஸ் பிரிவில் டெக்னீசியனாக இருக்கும் ஆரிஃபுக்குப் போன் செய்தாள்.

"மிஸ் பண்ணவே கூடாதுங்க்கா," என்றான் ஆரிஃப். "சார் உடம்பு தாங்காது. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஒரு மிசினு காலியா இருக்கு. கண்டிப்பாக் கூட்டிட்டு வந்துருங்க. அதுவரைக்கும் தண்ணிய மட்டும் பாத்துக்கோங்க."

"பாத்துக்கறேன் ஆரிஃப்."

ஒரு நாள்தானே என்று நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு அந்த நீல நாற்காலியில் உட்கார வேண்டாம் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதற்காக வெட்கப்படக்கூட அலுப்பாக இருந்தது.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். வீங்கிய பாதம் செருப்பை விட்டு விட்டு வழுக்கியது. நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார்.

கடைக்குள் யாரும் இல்லை. மூங்கில் விளக்குகள் தொங்கின. வேகும் எலும்பு மணமும் பட்டை மணமும் குளிர்ந்த காற்றில் கலந்து வந்தன. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உள்ளேயிருந்து வந்து, குமாரசாமியின் கழுத்துக் குழாயையும் அதைச் சுற்றியிருந்த வெள்ளைக் கட்டையும் பார்த்தாள். எதுவும் கேட்காமல் சாய்மானம் உள்ள நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டாள். அவள் பெயர் ஷ்ரவ்யா, கடை அவளுடையதுதான் என்பது பேச்சில் தெரிந்தது. சொந்த ஊர் திருப்பூர். கணவனுக்கு ஹோ சி மின் நகரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை என்பதால் ஆறு வருடம் அங்கே இருந்திருக்கிறாள்.

"ஏனுங்க அம்மணி, ரெண்டு கையில தூக்கிக் குடிக்கறாங்களே, அது என்னதுங்க?" என்றார் குமாரசாமி.

"அது ‘ஃபோ’ங்கய்யா. எழுதறது ஃபோ, சொல்லறது ஃபா. கோழியில போடட்டுங்களா, காளான்ல போடட்டுங்களா?"

"கோழிங்க. உள்ள என்னென்ன போடுவீங்க?"

"கோழி எலும்ப நாலஞ்சு மணி நேரம் கொதிக்க வெப்பனுங்க. பட்டை, அன்னாசிப்பூ, நெருப்புல சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம். அதுல அரிசிச் சேவையப் போட்டுக் குடுக்கறது. அங்க விடிஞ்சா எந்துருச்சா இதுதானுங்க. நம்ம இட்லி மாதிரி."

"அப்பக் கோழி ரசத்துல சந்தவம் போட்டதுன்னு சொல்லுங்க."

ஷ்ரவ்யா சிரித்தாள். லோகப்பிரியாவும் சிரித்தாள். சந்தவம் என்று அவர் சொன்னது இடியாப்பத்தை. அவர் வேடிக்கையாகப் பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.

கிண்ணத்துக்கு முன்னால் ஒரு தட்டு நிறையத் தழைகள் வந்தன. மல்லி, புதினா, எலுமிச்சைத் துண்டுகள், முளைகட்டிய பயறு. குமாரசாமி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஓர் இலையைக் கசக்கி மூக்கில் வைத்தார்.

"இது திருநீத்துப்பச்சை அல்லங்க?"

"கிட்டத்தட்ட அதேதானுங்க."

"எங்க வாய்க்கா ஓரத்துல தானா மொளைக்கும். களைன்னு புடுங்கிப் போட்டுருவோம்." இலையை வாயில் போட்டு மென்றார். "இத்தனை நாளுந் திங்கற பொருளுன்னு தெரியாமப் போச்சு."

கிண்ணம் வந்தது. உண்மையிலேயே பெரிய கிண்ணம். ஆவி எழுந்து அவர் கண்ணாடியில் படிந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். லோகப்பிரியாவின் கண் தானாக அளந்தது. அரை லிட்டருக்குக் குறையாது. காலையிலிருந்து வீட்டில் குடித்ததையும் சேர்த்தால் இன்றைய கணக்குத் தீர்ந்துவிடும். கை நீட்டிப் பாதியை இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றலாம். ஷ்ரவ்யாவிடம் கேட்டால் கொடுத்துவிடுவாள்.

"நீயும் சாப்புடு கண்ணு," என்றார் அவர். "நாலு வருசமா ஒனக்கும் அந்த டப்பாத் தயிர்ச்சோறுதானே."

அவளுக்கும் ஒரு கிண்ணம் வந்திருந்தது. ஒரு வாய் குடித்தாள். சூடு தொண்டை வழியாக இறங்கி வயிற்றில் போய் உட்கார்ந்தது. அப்போதுதான் தனக்குப் பசித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. காலையில் எதுவும் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரும் நாட்களில் காலையில் அவள் சாப்பிடுவதேயில்லை.

குமாரசாமி கரண்டியால் சேவையை அள்ளினார். கோழித்துண்டை ஓரமாக ஒதுக்கி வைத்து, பிறகு அதையும் எடுத்துத் தின்றார்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். "ஒனக்கும் சலிப்பாத்தானே இருக்கும்?"

"அப்படியெல்லாம் இல்லீங்க மாமா."

"பொய் சொல்லாத கண்ணு. எனக்கே இப்படி இருக்குதே."

லோகப்பிரியா கிண்ணத்துக்குள் பார்த்தாள். எண்ணெய்த் துளிகள் வட்டம் வட்டமாக மிதந்தன.

"சலிப்புத்தானுங்க மாமா," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அவள் சொன்னது அவருக்கு வருத்தமாக இல்லை. யாரோ ஒரு பாரத்தின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டதுபோல அவர் தோள் கொஞ்சம் இறங்கியது.

"தொடையில போடறதுக்கு நான் ஒத்துக்கறதா இல்ல. தீபக்குகிட்ட நானே சொல்லிக்கறன். நீ ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். சொன்னா ஒன் மேலதான் எரிஞ்சு விழுவான்."

"அத்தைக்கிட்டங்க?"

"அவளுக்கு அவ மவன் சொல்லுவான்."

சேவை தீர்ந்தது. குமாரசாமி கரண்டியைக் கீழே வைத்தார். இரண்டு கைகளாலும் கிண்ணத்தைப் பிடித்துத் தூக்கினார். லோகப்பிரியா எழுந்து, அது சாய்ந்துவிடாமல் அடியில் ஒரு கையைக் கொடுத்தாள். அவர் குடித்தார். இடையில் ஒருமுறை நிறுத்தி மூச்சு விட்டார், மறுபடி குடித்தார். கழுத்துக் குழாயின் கட்டுக்குக் கீழே தொண்டை ஏறி இறங்கியது. கிண்ணம் லேசாகிக்கொண்டே வருவது அவள் உள்ளங்கையில் தெரிந்தது.

சீக்கிரம் வீட்டுக்குப் போனால் கேள்வி வரும் என்பதால் வாலாங்குளத்துக் கரையில் காரை நிறுத்தி, மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கினார். அவள் ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி குளத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலை எட்டரைக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் தோசைக்கு அரைத்து வைக்க வேண்டும் என்று யோசித்தாள்.

தீபக் எட்டு மணிக்கு வந்தபோது குமாரசாமி தூங்கிவிட்டிருந்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்றான் ஷூவைக் கழற்றிக்கொண்டே. நான்கு வருடமாகக் கேட்கும் அதே கேள்வி.

"பரவால்லீங்க," என்றாள். நான்கு வருடமாகச் சொல்லும் அதே பதில்.

காலை ஆறு மணிக்குக் குமாரசாமி எழுந்து முகம் கழுவிவிட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி ராசாத்தாள் சின்ன டம்ளரில் காபி கொண்டுபோனாள். உட்கார்ந்தவாக்கிலேயே சுவரில் தலையைச் சாய்த்திருந்தார். ராசாத்தாள் இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, "தீபக்கு," என்று சாதாரணக் குரலில் மகனை அழைத்தாள்.

ஒன்பது மணிக்குள் வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் வந்துவிட்டன. கிணத்துக்கடவு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதயம் நின்றிருக்கிறது, இந்த வியாதிக்காரர்களுக்கு எப்போது வேண்டுமானாலும் இப்படி ஆகலாம் என்று எழுதிக் கொடுத்துப் போனார். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் சுல்தான்பேட்டையிலிருந்தும் ஒறம்பரைச் சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வருகிற பெண்கள் ஒவ்வொருவரும் ராசாத்தாளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். லோகப்பிரியா வருகிறவர்களுக்குக் காபி போடச் சொன்னாள், பாய் விரித்தாள், ஐஸ் பெட்டிக்காரனுக்கு எந்தப் பிளக்கில் சொருக வேண்டும் என்று காட்டினாள். கால்கள் தாமாக நடந்தன.

பத்தேகாலுக்கு அவள் போன் அடித்தது.

"அக்கா, கிளம்பிட்டீங்களா? மிசினு ரெடியா இருக்கு," என்றான் ஆரிஃப்.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் நின்று அவனிடம் சொன்னாள். ஆரிஃப் மெதுவான குரலில், சாவுச் செய்தி கேட்டால் சொல்லும் அரபி வார்த்தைகளை முணுமுணுத்தான்.

"நேத்தே நான் கீழ எறங்கி வந்து சாரக் கூட்டிட்டுப் போயிருக்கோணுங்க்கா."

"உங்க மேல ஒண்ணுமில்ல ஆரிஃப்," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது, ராசாத்தாளின் தம்பி திருமூர்த்தி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தீபக்கிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நேத்து டயாலிசிஸ் ஆச்சல்ல? ஆயியும் இப்படியா?"

"ஆச்சுங்க மாமா," என்றான் தீபக். "நாலு வருசத்துல ஒரு நாளு விட்டதில்லீங்க. இவதான். ஒருத்தியாக் காரோட்டிக் கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வந்தா. நானா இருந்தா முடிஞ்சிருக்காதுங்க."

சுற்றியிருந்தவர்கள் லோகப்பிரியாவைப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா அவள் முதுகைத் தடவி, "பெத்த மவகூட இப்படிப் பாக்க மாட்டா அம்மணி," என்றாள். தீபக்கின் கண்கள் அவளையே பார்த்தன. அவற்றில் நன்றி இருந்தது. லோகப்பிரியா குனிந்து, ஏற்கனவே நேராகக் கிடந்த பாயை இழுத்து நேராக்கினாள்.

இரண்டரைக்கு எடுத்துப் போனார்கள். பெண்கள் வாசல்வரைதான். ஆண்கள் போன பிறகு வீடு முழுவதையும் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். குமாரசாமியின் அறையை லோகப்பிரியா கழுவினாள். மேசைமேல் மாத்திரைப் பெட்டியில் வெள்ளிக்கிழமைக் காலை மாத்திரைகள் அப்படியே இருந்தன. சனிக்கிழமைக்கும் போட்டு வைத்திருந்தாள்.

ஐந்து மணிக்கு ஆண்கள் திரும்பிக் குளித்தார்கள். பாதிப்பேர் கிளம்பிப் போய்விட்டார்கள். தீபக்கைக் காணவில்லை. தோட்டத்துக் களத்தில், உரிக்காத தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தான். லோகப்பிரியா எதிரே போய் நின்றாள்.

"நேத்து டயாலிசிஸ் பண்ணலீங்க," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். புரியாத பார்வை.

அவள் நடந்ததை அப்படியே சொன்னாள். கார்க்கதவு, ஆரிஃபின் போன், ரோட்டைக் கடந்தது, கடை, கிண்ணம், குளத்துக்கரை. அவர் கேட்டதையும் சொன்னாள். சலிப்புத்தான் என்று தான் சொன்னதையும் விடாமல் சொன்னாள். அதைச் சொல்லாமல் இருந்தால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்போல இருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தானே சொல்லிக்கறேன்னாருங்க. நீங்க வந்தப்பத் தூங்கிட்டாரு. நானாச்சும் சொல்லீருக்கலாம். சொல்லல."

"நேத்துப் பண்ணியிருந்தா..." என்று ஆரம்பித்த தீபக் நிறுத்தினான்.

"தெரியலீங்க," என்றாள். அதுதான் உண்மை. நாள் முழுவதும் அவளும் அதையேதான் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

தோப்புக்குள் எங்கோ ஒரு மயில் அகவியது. தீபக் காலடியில் கிடந்த மட்டை நாரை எடுத்து விரலில் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான். கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"பொங்கலுக்கு அடுத்த வாரம் ஒனக்குக் காய்ச்சலுன்னு நான் கூட்டிட்டுப் போனனே," என்றான். "அன்னைக்கு எங்கிட்டயும் கேட்டாரு. அந்தக் கடைக்குப் போலாமாடான்னு. உனக்கென்ன பைத்தியமா, நெஞ்சுல நீர் கோத்துக்கும்னு சத்தம் போட்டன். லிப்டுல நாலு பேரு இருந்தாங்க. அப்படியே தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. பொறகு கேக்கவே இல்ல."

லோகப்பிரியா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல் இன்னும் சூடாக இருந்தது.

"என்ன சாப்பிட்டாரு?" என்றான்.

"கோழி போட்டதுங்க. சேவை இருக்கும். தழையெல்லாம் கிள்ளிப் போட்டுக்கிட்டாரு."

"பூராவும் குடிச்சாரா?"

"பூராவும் குடிச்சாருங்க. அடியில கெடந்த எலையக்கூட விடல."

"நல்லா இருந்துச்சாமா?"

"உப்பு கொஞ்சம் கம்மின்னாரு."

தீபக்குக்குச் சிரிப்பு வந்தது. வாய் திறந்து சிரிக்கத்தான் தொடங்கினான். பாதியில் அது வேறாக மாறியது. தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டான். லோகப்பிரியா தேங்காய்க் குவியலைப் பார்த்தபடி, அவன் முடிக்கும்வரை இருந்தாள்.

அவர்கள் வீட்டுக்குள் வந்தபோது விளக்கேற்றியிருந்தார்கள். திருமூர்த்தி வீட்டிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் சோறும் ரசமும் வந்திருந்தன. ராசாத்தாள் கூடத்தின் நடுவில், கழுவிக் காயாத தரையில், பாய்கூடப் போடாமல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். யாரோ தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்ததைக் கையாலேயே வேண்டாம் என்று தள்ளினாள்.

"கண்ணு, ஒரு சொம்புத் தண்ணி கொண்டா," என்றாள் லோகப்பிரியாவைப் பார்த்து.

லோகப்பிரியா சமையலறைக்குப் போனாள். நான்கு வருடமாக அந்தக் கூடத்தில் வைத்து யாரும் தண்ணீர் குடித்ததில்லை. குடிப்பவர்கள் குமாரசாமியின் கண்ணில் படாமல் கொல்லைப்பக்கம் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். சொம்புகளையெல்லாம் ராசாத்தாள் பரண்மேல் ஏற்றிவிட்டிருந்தாள். லோகப்பிரியா ஸ்டூல் போட்டு ஏறி ஒன்றை எடுத்தாள். தூசி போகக் கழுவி, விளிம்புவரை நிறைத்துக்கொண்டு வந்தாள்.

ராசாத்தாள் சொம்பை இரண்டு கையிலும் வாங்கி மடியில் வைத்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு அண்ணாந்து குடித்தாள். தண்ணீர் கடைவாயில் வழிந்து கழுத்தையும் ரவிக்கையையும் நனைத்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. குடித்து முடித்து, வெறும் சொம்பை மருமகளிடம் நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் கொண்டா," என்றாள்.